மைனஸ் 33இல் முனகிய கொரோலா: குளிருக்கு எந்த ஆயில்?

வடக்குவாசி, எட்மன்டன்

கனடாவின் எட்மன்டனிலிருந்து அனைவருக்கும் வணக்கம். என் கார் 2014ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. 1.8 லிட்டர் எஞ்சின், 2,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்தே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்பினேன். வெளியே மைனஸ் 33. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் ஓர் இழுப்பு இழுத்து நின்றுவிட்டது போலிருந்தது. மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி ஒரு தயக்கம். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேடேறுவதைப் போல, ஒவ்வொரு சுற்றையும் காதால் எண்ண முடிந்தது. ஐந்தாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு உடனே அணையவில்லை. நான்கைந்து வினாடி எரிந்தது. அதற்குள் எஞ்சினின் மேல்பகுதியிலிருந்து தகரத்தைத் தட்டுவதுபோல ஒரு கடகடப்பு. அரை நிமிடத்தில் ஓய்ந்தது. அந்த அரை நிமிடமும் என் வயிற்றைப் பிசைந்துவிட்டது.

முன்கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். செப்டம்பரில் ஒரு விரைவு ஆயில் கடையில் மாற்றியபோது 5டபிள்யூ-30, சாதாரண கனிம ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியில் 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கிறது. அன்று நான் கவனிக்கவில்லை.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உடன் வேலை செய்பவர் 0டபிள்யூ-20க்கு மாறு என்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் என் மாமா, இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது, 10டபிள்யூ-40 ஊற்று என்கிறார். அறை நண்பர், பிளாக் ஹீட்டரை (நிறுத்திய எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் கருவி) செருகினால் எந்த ஆயிலும் ஒன்றுதான் என்கிறார். நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவன். அப்பாவின் பைக்குக்கு 20டபிள்யூ-40 வாங்கி வந்த நாளிலிருந்து, அந்த 'டபிள்யூ' எடையைக் குறிக்கிறது என்றே நம்பியிருந்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஜனவரி இன்னும் வரவில்லை.

---

ஸ்காபரோ கராஜ்

தம்பி, 27 வருடமாக ரொறன்ரோவில், உங்கள் மாமா இருக்கும் இதே ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கிறேன். முதலில் உங்கள் மாமாவின் யோசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் தவறான மனிதர் இல்லை, தவறான ஊரில் இருந்து பேசுகிறார். இங்கே மைனஸ் 20 என்பது ஒரு குளிர்காலத்தில் சில காலைகள்தான் வரும். உங்கள் ஊரில் அது சாதாரண நாள். 10டபிள்யூ ஒயிலை மைனஸ் 33இல் ஊற்றி வைத்தால், ஒயில் பம்ப் அதை இழுத்து மேலே அனுப்பும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது.

சில வருடங்களுக்கு முன் வடக்கு ஒன்டாரியோவின் டிமின்ஸ் பக்கத்தில் இருந்து ஒரு வாகனம் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. வால்வு மூடியைத் திறந்தேன். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் உட்காரும் இடங்களில், அது சுழலும் திசையில் கோடுகள். கண்ணுக்கு மெல்லிய கீறல் போல இருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டி நின்றது. உரிமையாளர் வடக்கே வேலைக்குப் போனபோது, இங்கே ஊற்றிய 10டபிள்யூ-30 உடனேயே போயிருக்கிறார். எத்தனை காலை அந்த எஞ்சின் ஒயில் இல்லாமல் சுற்றியதோ! கேம் ஷாஃப்ட் எஞ்சினின் உச்சியில் இருக்கிறது. ஒயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடங்களில் அது ஒன்று. நீங்கள் கேட்ட கடகடப்பும் அங்கே இருந்துதான் வந்திருக்கும்.

இரண்டு விடயம் செய்யுங்கள். மூடியில் எழுதியிருக்கும் 0டபிள்யூ-20க்கு மாறுங்கள், சிந்தெடிக், அதாவது செயற்கை ஒயில். அதோடு பற்றறியையும் சோதியுங்கள். ஐந்து இழுப்பு என்றால் குற்றம் ஒயிலில் மட்டும் இருக்காது.

---

பாகுநிலை, சார்னியா

மசகு எண்ணெய் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இத்தனை பேர் காசு கொடுத்து வாங்கும் பொருளின் பெயரை இத்தனை பேர் தவறாகப் படிப்பது எனக்கு ஆண்டுக்கணக்கான வருத்தம்.

முதலில், டபிள்யூ என்பது எடை அல்ல. விண்டர், அதாவது குளிர்காலம். 0டபிள்யூ-20 என்பதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன. கோட்டுக்கு முன்னால் இருப்பது, குளிரில் இந்த ஆயில் எவ்வளவு தாங்கும் என்பது. கோட்டுக்குப் பின்னால் இருப்பது, எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. அதை 100 டிகிரியில் அளக்கிறார்கள். 20 என்றால், கெட்டித்தன்மையின் அலகான சென்டிஸ்டோக்ஸில் 6.9 முதல் 9.3க்குள். 30 என்றால் 9.3 முதல் 12.5க்குள். 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள்.

நம் மொழியில் இதற்குப் பாகுநிலை என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு அடுப்படி தெரிந்திருக்கிறது. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுபவர்களுக்கு இது புதிதே அல்ல. அடுப்பில் இருக்கும்போது கரண்டியிலிருந்து ஓடி வழியும் பாகு, இறக்கி வைத்துச் சற்று ஆறினால் கம்பியாக இழுக்கும். இன்னும் ஆறினால் உருட்டலாம். ஒரே பாகுதான், பதம் மாறுகிறது. ஆயிலும் அப்படியே. 5டபிள்யூ-30 ஆயில் சூடான எஞ்சினில் இருப்பதைவிட மைனஸ் 30இல் பல நூறு மடங்கு கெட்டி. 0டபிள்யூ என்றதும் தண்ணீர்போல் நீர்த்தது என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளிரில் எந்த ஆயிலும் நீர்த்திருப்பதில்லை. எது குறைவாகக் கெட்டிப்படுகிறது என்பதே கேள்வி.

எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே300 என்ற தரநிர்ணயத்தில் ஒவ்வொரு டபிள்யூ எண்ணுக்கும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்ற முடியுமா என்பது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35இல் 6,200 மில்லிபாஸ்கல் வினாடியை (இதுவும் கெட்டித்தன்மையின் ஓர் அலகு) தாண்டக்கூடாது. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30இல் 6,600. 10டபிள்யூவுக்கு மைனஸ் 25இல் 7,000. 15டபிள்யூவுக்கு மைனஸ் 20இல் 7,000. இன்னொன்று, பம்ப் அதை இழுக்க முடியுமா என்பது. அது ஐந்து டிகிரி கீழே நடக்கிறது: 0டபிள்யூவுக்கு மைனஸ் 40, 5டபிள்யூவுக்கு மைனஸ் 35, 10டபிள்யூவுக்கு மைனஸ் 30. அதே அலகில் எல்லாவற்றுக்கும் வரம்பு 60,000.

அந்த ஐந்து டிகிரி வித்தியாசத்தில் ஓர் அக்கறை இருக்கிறது. எஞ்சின் சுற்றிக் கிளம்பிவிட்டு ஆயில் மட்டும் வராமல் போனால், அது அழிவு. சுற்றவே முடியாமல் நின்றுவிட்டால் எஞ்சின் தப்பிக்கும். அதனால்தான் பம்ப் இழுக்கும் எல்லை எப்போதும் சுற்றும் எல்லைக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது.

வடக்குவாசி, உங்கள் மைனஸ் 33ஐ இந்தக் கணக்கில் வையுங்கள். 5டபிள்யூ ஆயிலுக்குச் சுற்றும் உத்தரவாதம் மைனஸ் 30இலேயே முடிந்துவிட்டது. பம்ப் உத்தரவாதத்தில் இரண்டே டிகிரி மிச்சம். மாமா சொன்ன 10டபிள்யூவுக்கு மைனஸ் 30க்குப் பிறகு எந்த உத்தரவாதமும் இல்லை.

---

பழைய எஞ்சின், கால்கரி

பாகுநிலை சகோதரி சொல்லும் எண்களை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யாரும் பேசுவதில்லை. 0டபிள்யூ-20 எஞ்சினைக் காப்பதற்காக வந்த ஆயில் அல்ல. எரிபொருள் சிக்கன விதிகளுக்காக உற்பத்தியாளர்கள் கொண்டுவந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இதே அளவு எஞ்சின்களுக்கு 5டபிள்யூ-30 எழுதினார்கள். அவை மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடின. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8 எஞ்சின்களைத் திரும்ப அழைத்தபோது என்ன செய்தார்கள்? சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20ஐ எடுத்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னார்கள். மெல்லிய ஆயில் பாதுகாப்பு என்றால் ஏன் கெட்டியான ஆயிலுக்குப் போக வேண்டும்? கால்கரியில் ஒரு வாரம் மைனஸ் 30, அடுத்த வாரம் சினூக் என்ற வெப்பக் காற்று வீசிப் பிளஸ் 8. எனக்கு இரண்டும் தாங்க வேண்டும். நான் 5டபிள்யூ-30ஐ விடுவதாக இல்லை.

---

பாகுநிலை, சார்னியா

ஐயா, நீங்கள் எடுத்துக்காட்டிய செய்தியையே இன்னொரு முறை வாசியுங்கள். 0டபிள்யூ-20இலிருந்து 0டபிள்யூ-40. மாறியது பின்னால் இருக்கும் எண் மட்டுமே. முன்னால் இருக்கும் 0 அசையவில்லை. அந்த எஞ்சினில் அவர்கள் தேடியது சூட்டில் பேரிங்குகளுக்கு இடையே நிற்கும் படலத்தின் கனம். 150 டிகிரியில் கடுமையாக அரைக்கும்போது 20 ரக ஆயில் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல் வினாடி காட்ட வேண்டும். 0டபிள்யூ-40 குறைந்தது 3.5. கெட்டி வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள்கூடக் குளிர்காலத் திறனை விட்டுக்கொடுக்கவில்லை.

எரிபொருள் சிக்கனத்துக்காகவே 20 ரகம் பரவியது என்று நீங்கள் சொல்வது உண்மை. அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கடும் வெயிலில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 30 ரகம் வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் இங்கே கேள்வி ஜனவரி அதிகாலையைப் பற்றியது. சூட்டில் 30 வேண்டும், குளிரில் 0 வேண்டும் என்றால் அதற்கென்றே 0டபிள்யூ-30 கடையில் கிடைக்கிறது. 5டபிள்யூ-30 எழுதிய சில ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகளிலேயே, மைனஸ் 29க்குக் கீழே போகும் ஊர்களில் 0டபிள்யூ-30 பயன்படுத்தலாம் என்ற வரி இருக்கிறது. உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். சினூக் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களுக்குப் பொருந்தும்.

---

பிராம்டன் ஓட்டுநர்

எல்லோரும் மைனஸ் 33 என்கிறீர்களே, வானொலியில் காற்றோடு சேர்த்து மைனஸ் 45 என்கிறார்களே, ஆயிலுக்கு எதைப் பார்க்க வேண்டும்? மைனஸ் 45க்கு 0டபிள்யூவும் போதாதே?

---

ஸ்காபரோ கராஜ்

தெர்மாமீட்டர் காட்டுவதை மட்டும் பாருங்கள். காற்றுக் குளிர் என்பது மனிதத் தோலுக்கான கணக்கு. காற்று வீசினால் எஞ்சின் சீக்கிரம் ஆறும், ஆனால் வெளி வெப்பநிலைக்குக் கீழே ஒரு டிகிரிகூடப் போகாது. மாலையில் நிறுத்திய வாகனம் விடியும்போது மைனஸ் 33இல்தான் இருக்கும். காற்றுப் படாத சுவரோரம் நிறுத்தினால் அந்த இடத்துக்குச் சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

---

ஓய்வு ஹவில்தார், வேலூர்

பிள்ளைகளே, நான் கனடா பார்த்ததில்லை. இராணுவத்தில் வண்டிகள் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன், லே பகுதியில் இரண்டு குளிர்காலம். உங்கள் பேச்சைப் படித்ததும் அந்தக் காலைகள் கண்முன் வந்துவிட்டன.

எங்களிடம் இருந்தது கெட்டியான டீசல் எஞ்சின் ஆயில். இரவில் மைனஸ் 25 போகும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, தகரத் தட்டில் கரி நெருப்பை வைத்து, வண்டிக்கு அடியில் ஆயில் சட்டிக்கு நேர்கீழே தள்ளுவோம். ஒருவர் நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கையில் மணல் வாளி. ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்போம். முதலில் கம்பியின் நுனியில் ஆயில் மெழுகுபோல ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். முக்கால் மணி நேரம் கழித்து அதே நுனியிலிருந்து ஒரு சொட்டு மெல்ல நீண்டு, அறுந்து விழும். அந்தச் சொட்டு விழுந்த பிறகுதான் வண்டியைக் கிளப்பும் உத்தரவு வரும். யாரும் எங்களுக்கு எண்களைச் சொல்லித் தரவில்லை. அந்தச் சொட்டுதான் எங்கள் ஆய்வகம்.

ஆயில் இளகினாலும் டீசலே மெழுகாக உறைந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் நாட்களும் உண்டு. 2019இல் லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்தது என்று படித்தபோது, அங்கே நெருப்புத் தட்டோடு படுத்துக் கிடந்தவர்களை நினைத்துக்கொண்டேன். தம்பிமார்களே, வண்டிக்கு அடியில் நெருப்பு வைக்கும் வேலையை யாரும் செய்ய வேண்டாம். உங்களுக்குக் கடையில் நல்ல ஆயில் கிடைக்கிறது, சுவரில் மின்சாரம் இருக்கிறது.

---

வடக்குவாசி, எட்மன்டன்

ஹவில்தார் ஐயாவின் சொட்டைப் படித்த இரவே ஒரு காரியம் செய்தேன். வீட்டில் காலியான ஊறுகாய் பாட்டில்கள் இரண்டைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒன்றில் புதிய 0டபிள்யூ-20 சிந்தெடிக், மற்றொன்றில் நண்பரின் கராஜில் கிடந்த 10டபிள்யூ-30 சாதாரண ஆயில் ஊற்றினேன். பால்கனியில் வைத்தேன். விடியும்போது மைனஸ் 31.

கையுறையோடு இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்த்தேன். 0டபிள்யூ-20 தேன்போலத் தயங்கி, பிறகு மொத்தமாகச் சரிந்து எதிர்ப்பக்கம் சேர்ந்தது. 10டபிள்யூ-30 பாட்டிலில் எதுவும் நடக்கவில்லை. பாட்டிலைப் படுக்கவைத்த பிறகும் ஆயிலின் மேற்பரப்பு நிமிர்ந்தே நின்றது. பத்துவரை எண்ணினேன். அப்போதுதான் ஓரம் மெல்லப் பிதுங்கி, குளிர்ந்த நெய்யைப்போல நகரத் தொடங்கியது. இதைத்தான் பம்ப் ஒரு குழாய் வழியே வினாடிக்குள் உறிஞ்ச வேண்டும் என்று நினைத்தபோது மாமாவின் யோசனையைக் கேட்காததற்கு நன்றி சொன்னேன். காணொளி எடுத்து அவருக்கே அனுப்பியிருக்கிறேன்.

---

பாகுநிலை, சார்னியா

அருமையான வேலை. ஆனால் ஓர் எச்சரிக்கை. பாட்டிலைச் சாய்ப்பது ஆயில் தன் எடையில் நகர்வதைக் காட்டும்; எஞ்சினுக்குள் நடப்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு பெரிய பாடம் ஒளிந்திருந்தது.

1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், சூ ஃபால்ஸ் நகரில், எஞ்சின்கள் கெட்டுப்போயின. அவற்றில் இருந்த ஆயில் அக்காலத்துச் சோதனைகளில் தேறியதுதான். பிறகுதான் காரணம் தெரிந்தது. அங்கே வானிலை ஆயிலை மெல்ல மெல்லக் குளிர்வித்திருக்கிறது. மெல்லக் குளிரும்போது ஆயிலில் உள்ள மெழுகு ஒன்றோடொன்று கைகோத்து வலைபோலப் பின்னிக்கொள்கிறது. பம்ப் தன் வாய்க்கு அருகில் இருந்ததை உறிஞ்சிவிடுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பச் சுற்றியிருக்கும் ஆயில் சரிந்து வருவதில்லை. நுங்கைத் தோண்டிய பள்ளம்போல அப்படியே நின்றுவிடுகிறது. அதற்குமேல் பம்ப் காற்றைத்தான் இழுக்கும்.

அதன் பிறகுதான் ஆயிலை இரண்டு நாளுக்கு நெருக்கமாக மெல்லக் குளிர்வித்துச் சோதிக்கும் முறை வந்தது. நான் மேலே சொன்ன 60,000 வரம்பு அந்தச் சோதனையில்தான் பார்க்கப்படுகிறது. கெட்டியாக இருந்தால் மட்டும் அல்ல, இப்படிப் பின்னிக்கொண்டு நகர மறுத்தாலும் ஆயில் தோற்றதாகக் கணக்கு. ஆகவே, பால்கனிச் சோதனையில் நன்றாகச் சரிந்தது என்பதற்காகப் பெயர் தெரியாத மலிவு ஆயிலை நம்ப வேண்டாம். டப்பாவின் பின்புறம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரை இருக்கிறதா, எஸ்பி அல்லது அதற்குப் பின் வந்த எஸ்க்யூ தரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய உற்பத்தியாளர்கள் ஒவ்வோர் ஆயிலுக்கும் தரவுத்தாள் வெளியிடுகிறார்கள். குளிர்ச் சோதனை எண்களைப் பலர் அதில் தருகிறார்கள். இரண்டு 5டபிள்யூ-30 ஆயில்களில் ஒன்று மைனஸ் 30இல் 6,400 என்றும் மற்றொன்று 4,500 என்றும் இருக்கலாம். பெயர் ஒன்று, காலையில் நடத்தை வேறு.

---

வின்னிபெக் செவிலி

என் சிக்கலையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். மருத்துவமனை வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். சிறிய டர்போ எஞ்சின், 0டபிள்யூ-20 தான் ஊற்றுகிறேன். போன வாரம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது உட்புறம் முழுக்க வெளிர் மஞ்சளில், மோர் கடைந்து திரண்டதுபோல ஒரு நுரை. அளவுக் கம்பியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறது. நான் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. முகர்ந்தால் பெட்ரோல் வாசனை. தெரிந்தவர் ஒருவர் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, பெரிய செலவு என்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

---

ஸ்காபரோ கராஜ்

தங்கச்சி, அவசரப்பட்டு எதையும் கழற்றக் கொடுக்க வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் அது குறையவில்லை, வெள்ளைப் புகை இல்லை, இனிப்பு வாசனை இல்லை என்றால் கேஸ்கட் மேல் பழி போட முகாந்திரம் இல்லை. நான்கு கிலோமீட்டரில் அந்த எஞ்சின் சூடாகவே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளே தங்கி, குளிர்ந்த மூடியில் படிந்து, ஒயிலோடு கலந்து நுரைத்திருக்கிறது. பெட்ரோலும் அப்படித்தான். குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி அதிகம் பெட்ரோல் பீய்ச்சும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில் இது கூடுதல்.

இப்போதே ஒயிலை மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஒயில் நீர்த்துப்போன ஒயில். டப்பாவில் 20 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அது 20 இல்லை. அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். ஒயிலும் நன்றாகச் சூடாகி, நீரும் பெட்ரோலின் பெரும்பகுதியும் ஆவியாகப் போக அவ்வளவு நேரம் வேண்டும். வீட்டு வாசலில் இருபது நிமிடம் சும்மா ஓடவிடுவது இதற்கு மருந்து இல்லை. அதுவே நோயை வளர்க்கும். கிளப்பி ஒரு நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். கையேட்டில் கடினப் பயன்பாடு என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும். உங்கள் ஓட்டம் அதில்தான் சேரும். அதில் போட்டிருக்கும் குறைந்த இடைவெளியில் மாற்றுங்கள்.

---

பழைய எஞ்சின், கால்கரி

இப்படி நீர்த்துப்போகும் என்று தெரிந்தால் முதலிலேயே 5டபிள்யூ-30 ஊற்றலாமே?

---

பாகுநிலை, சார்னியா

வின்னிபெக்கில் 5டபிள்யூ அல்ல, 0டபிள்யூ-30 என்றால் காரணம் இருக்கிறது. கையேடு அனுமதித்தால் நானும் எதிர்க்க மாட்டேன். ஆனால் பெட்ரோல் இறங்குவது நிற்காமல் கெட்டியான ஆயில் மட்டும் ஊற்றுவது, ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது. செவிலி அக்கா மாற்ற வேண்டியது முதலில் ஓட்டத்தை.

---

வடக்குவாசி, எட்மன்டன்

பிளாக் ஹீட்டரைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. அது இருந்தால் இவ்வளவு கவலை தேவையா?

---

ஸ்காபரோ கராஜ்

தேவை. சாதாரண பிளாக் ஹீட்டர் சூடாக்குவது கூலன்ட்டை. அதனால் எஞ்சின் கட்டையும் சிலிண்டர் சுவரும் இளஞ்சூடாகும். ஸ்டார்ட்டருக்குப் பெரிய உதவி. ஆனால் அடியில் சட்டியில் கிடக்கும் ஒயிலுக்கு அந்தச் சூடு மிகக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். சட்டியில் ஒட்டும் ஹீட்டர் தனியாக விற்கிறார்கள். எட்மன்டனில் அதையும் போடுபவர்கள் உண்டு. இன்னொன்று, வேலை முடிந்து வரும்போது நிறுத்துமிடத்தில் செருக வசதி இருக்குமா? மின்சாரம் போனால்? ஒயில் மட்டும்தான் எப்போதும் உங்களோடு இருக்கும்.

இரவு முழுவதும் செருகி வைக்க வேண்டாம். கனடாவின் இயற்கை வளத் துறை கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட்டால் போதும் என்கிறது. உங்கள் குளிருக்கு நான் மூன்று என்பேன். ஒரு டைமர் வாங்குங்கள், மூன்று கம்பி உள்ள, வெளிப்புறத்துக்கான கேபிளோடு.

---

மற்றொரு எட்மன்டன்வாசி

கராஜ் அண்ணா சொல்வது முழுக்க உண்மை. 2024 ஜனவரி 13 அன்று எங்கள் மாகாணமான ஆல்பர்ட்டா முழுவதும் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது. மின்தொகுப்பு தாங்கவில்லை, அவசியமில்லாத மின்சாரத்தை உடனே நிறுத்துங்கள் என்று அரசு அறிவிப்பு. பிளாக் ஹீட்டரைச் செருகுவதைத் தள்ளிப்போடுங்கள் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. மைனஸ் 40ஐத் தொட்ட இரவு அது. நான் கீழே போய்ச் செருகியதைப் பிடுங்கிவிட்டு வந்தேன். அன்று என் வண்டியில் 0டபிள்யூ-30 இருந்ததால்தான் மறுநாள் காலை வேலைக்குப் போக முடிந்தது.

---

வடக்குவாசி, எட்மன்டன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பேட்டரியைச் சோதித்தேன். 550 ஆம்பியர் குளிர்த்திறன் என்று எழுதியிருந்தது. கருவி காட்டியது 270. கராஜ் அண்ணா முதல் நாளே சொன்னார். அந்த 550 என்பதே மைனஸ் 18இல் அளப்பது என்றும், நல்ல பேட்டரியே அந்தக் குளிரில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும் என்றும் கடைக்காரர் விளக்கினார். ஆயில் கெட்டியாகிப் பாரம் கூடும் அதே நேரத்தில் இழுக்கும் மாடும் மெலிகிறது. புதிய பேட்டரி போட்டாயிற்று.

ஆயிலை நானே வாங்கிக்கொண்டு போனேன். 0டபிள்யூ-20 சிந்தெடிக், வடிகட்டியோடு சேர்த்து 4.2 லிட்டர். ஊற்றும் வரை பக்கத்திலேயே நின்றேன். இந்த முறை டப்பாவைக் கையில் வாங்கிப் படித்த பிறகே திறக்கவிட்டேன். கையேட்டையும் தேடி எடுத்தேன். 0டபிள்யூ-20 கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-20 ஊற்றலாம், ஆனால் அடுத்த மாற்றத்தில் 0டபிள்யூ-20க்குத் திரும்பிவிட வேண்டும் என்று டொயோட்டாவே எழுதியிருக்கிறது. பத்து ஆண்டுகளாகக் கையுறைப் பெட்டியில் கிடந்த வரி.

நேற்றுக் காலை மைனஸ் 36. வேண்டுமென்றே ஹீட்டரைச் செருகவில்லை, பார்த்துவிடலாம் என்று. இரண்டு சுற்று தயங்கியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு இரண்டு வினாடியில் அணைந்தது. மேலே கடகடப்பு இல்லை. ஸ்டியரிங் மட்டும் மரம்போல இறுகியிருந்தது.

---

வின்னிபெக் செவிலி

என் வண்டியிலும் கூலன்ட் ஒரு கோடுகூட இறங்கவில்லை. ஆயில் மாற்றியாயிற்று. ஞாயிறுதோறும் செல்கிர்க் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். இன்று மூடியைத் திறந்தேன். உட்புறம் காய்ந்து பளபளவென்று இருந்தது. அண்ணாவுக்கு நன்றி. நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

---

ஸ்காபரோ கராஜ்

நல்லது தங்கச்சி. தம்பி, காணொளியைப் பார்த்த பிறகு உங்கள் மாமா என்ன சொன்னார்?

---

வடக்குவாசி, எட்மன்டன்

நேற்று அழைத்தார் அண்ணா. இரண்டு முறை பார்த்தாராம். தன் வண்டி மூடியில் 5டபிள்யூ-20 என்று இருக்கிறது, ஆறு ஆண்டாக 10டபிள்யூ-40 ஊற்றி வருகிறேன், இனி என்ன செய்வது என்று கேட்டார்.

---

ஸ்காபரோ கராஜ்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கராஜுக்கு வரச் சொல்லுங்கள். வால்வு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம். அதுவரை எஞ்சினைக் கிளப்பியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டச் சொல்லுங்கள்.